பிறக்காத பத்து நாட்கள்

1582ஆம் ஆண்டு, அக்டோபர்த் திங்கள் 4ஆம் நாள், வியாழக்கிழமை. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மக்கள் வழக்கம்போல் உறங்கச் சென்றனர். பொழுது புலர்ந்தது. கிழமை வெள்ளிதான், தேதியோ 5 அல்ல, 15! இடையிலே இருந்திருக்க வேண்டிய பத்து நாட்கள் பிறக்கவே இல்லை. அந்த இரவிலேதான் ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலா தெரசா அம்மையார் கண்மூடினார். நான்காம் தேதி இரவு மறைந்தார்; விடிந்தால் பதினைந்தாம் தேதி! கத்தோலிக்கர் இன்றும் அவருடைய திருநாளை அக்டோபர் 15இல்தான் கொண்டாடுகின்றனர்.

நாட்களை விழுங்கியது பூதமன்று, கணக்கு! அந்தக் கணக்கை அரங்கேற்றியவர் போப் பதின்மூன்றாம் கிரிகோரி. நானூற்று நாற்பது ஆண்டுகள் உருண்டோடிய பிறகும் அதனால் எழுந்த வழக்குத் தீரவில்லை. 2023இல், போர்த்தீயிலே வெந்துகொண்டிருந்த உக்ரைன் நாட்டில், அரசே சட்டமியற்றிச் சனவரி 7ஆம் நாள் கிறிஸ்துமஸ் விடுமுறையை நீக்கி, டிசம்பர் 25ஐ மட்டும் நிலைநிறுத்திற்று. வானநூல் தீர்த்துவைத்த சிக்கல், போர்க்களத்திலே வந்து நிற்பானேன்?

கதையின் வேர் உரோமாபுரியில் இருக்கிறது. கி.மு. 45இல் ஜூலியஸ் சீசர், அலெக்சாந்திரியா நகரத்து அறிஞர் சோசிசெனசின் துணைகொண்டு ஒரு நாட்காட்டியை நடைமுறைக்குக் கொணர்ந்தார். ஆண்டுக்கு 365 நாள் 6 மணி என்பது அதன் கணக்கு. அந்த ஆறு மணியைச் சேர்த்துவைத்து நான்காண்டுக்கு ஒருமுறை ஒரு நாளைக் கூட்டினர். ஆனால் பருவங்கள் ஒருமுறை சுழன்று வருவதற்கு ஆகும் காலம் 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 நொடி. வேறுபாடு பதினொரு நிமிடத்துக்குச் சற்று மேல். ஒரு குவளைத் தேநீர் அருந்தும் நேரம்! இதிலே என்ன கெட்டுவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் காலம் கடன்காரனைப்போல, ஒன்றையும் மறப்பதில்லை. 128 ஆண்டுகளில் அந்தச் சில நிமிடங்கள் ஒரு முழு நாளாகத் திரண்டுவிடும்.

கி.பி. 325இல், பேரரசன் கான்ஸ்டன்டைன் கூட்டிய நைசியா மாமன்றத்தில், ஈஸ்டர் திருநாளைக் கிறித்தவர் அனைவரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டுமென்று முடிவு செய்தனர். இரவும் பகலும் ஒத்திருக்கும் இளவேனில் சமநாள், அதையடுத்து வரும் முழுநிலா, அதையடுத்த ஞாயிறு. இதுவே நிலைபெற்ற முறை. சமநாளை மார்ச் 21 என்று கொண்டனர். கதிரவனோ மாமன்றத்தின் உறுப்பினன் அல்லனே! பதினாறாம் நூற்றாண்டில் சமநாள் மார்ச் 11க்கு நகர்ந்து நின்றது. ஏடு ஒன்று சொல்லிற்று. வானம் வேறொன்று சொல்லிற்று.

இது யாருக்கும் தெரியாத மறைபொருளா? அன்று. ஆங்கிலத் துறவி ரோஜர் பேக்கன் 1267இலேயே போப் நான்காம் கிளமெண்டுக்கு இந்தப் பிழையை எழுதி அனுப்பினார். முந்நூறு ஆண்டுகள் அது ஏட்டிலே உறங்கிற்று. பின்னர் டிரென்ட் மாமன்றம் வழிபாட்டு நூல்களைத் திருத்தும் பணியைப் போப்பிடம் ஒப்படைக்க, கிரிகோரி ஒரு குழுவை அமைத்தார். குழுவின் முன் வந்த திட்டம் கலாபிரியா நாட்டு மருத்துவர் லூயிஜி லிலியோ தீட்டியது. அவர் அதற்குள் மறைந்துவிட்டார். ஏட்டைக் கொணர்ந்தவர் அவருடைய உடன்பிறந்தார். கணிதத்தைச் சரிபார்த்தவர் இயேசு சபைத் துறவி கிளாவியஸ். அந்தக் குழுவிலே ஆசியர் ஒருவரும் அமர்ந்திருந்தார்: சிரியத் திருச்சபையின் முதுபெரும் தந்தையாக இருந்த இக்னேசியஸ் நிமத்துல்லா. அராபியர் வளர்த்த கணிதமும் வானநூலும் கற்றவர் அவர். ஐரோப்பாவின் நாட்காட்டி ஐரோப்பா மட்டும் ஈன்ற பிள்ளையன்று என்பதை நாம் மறக்கலாகாது.

திருத்தம் எளியது. பத்து நாளை நீக்குவது; இனி நூற்றாண்டு முடியும் ஆண்டுகளுள் 400ஆல் வகுபடுவன மட்டுமே நாள் கூடிய ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வது. 1600க்கும் 2000க்கும் பிப்ரவரி 29 உண்டு. 1700, 1800, 1900 ஆகியவற்றுக்கு இல்லை. இந்தச் சிறு விதியால் பிழை, ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுக்கு ஒரு நாள் என்ற அளவுக்குச் சுருங்கிற்று.

கணக்கு சரி. சொன்னவர் யார்? போப்! எழுந்தது எதிர்ப்பு. லூதர் வழி நின்ற நாடுகள், இது உரோமாபுரியின் சூழ்ச்சி என்று உறுமின. ஆக்ஸ்பர்க் நகரில் 1584இல் நாட்காட்டிச் சண்டை தெருவுக்கு வந்தது. புதுத் தேதியை எதிர்த்த குருவை நகரமன்றம் வெளியேற்ற முனைய, மக்கள் ஆயுதமேந்தித் திரண்டனர். கல்வியறிவில்லா மக்கள்தாமா எதிர்த்தனர்? டியூபிங்கன் பல்கலைக்கழகத்தின் வானநூல் பேராசிரியர் மெஸ்ட்லின் எதிர்த்து நூல் எழுதினார். அவருடைய மாணவரோ ஆதரித்தார். அந்த மாணவர்தாம் கெப்ளர்! ஆசான் பக்கமா, ஆகாயத்தின் பக்கமா என்றபோது மாணவர் ஆகாயத்தின் பக்கம் நின்றார்.

இங்கிலாந்தில் 1583இல் ஜான் டீ என்னும் அறிஞர், திருத்தத்தை ஏற்கலாமென்று எலிசபெத் அரசியாருக்கு எழுதினார். தலைமைப் பேராயர் கிரிண்டாலும் பிற பேராயர்களும் தடுத்தனர். அந்தத் தடை எத்துணைக் காலம் நீடித்தது? 169 ஆண்டுகள்! 1700இல் ஜெர்மானியப் புரோட்டஸ்டன்ட் அரசுகள் இறங்கிவந்தன; இங்கிலாந்து 1752இல்தான் இணங்கிற்று. அதற்குள் வேறுபாடு பதினொரு நாளாயிற்று. செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. ஆசியாவிலுள்ள ஆட்சிப்பகுதிகளையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் கட்டுப்படுத்திற்று. கிரிகோரியின் பெயரை மட்டும் அது உச்சரிக்கவில்லை! பொருளை எடுத்துக்கொண்டு, உரியவர் பெயரை அழித்துவிட்டனர். பதினொரு நாளைத் திருப்பிக் கொடு என்று இலண்டன் மக்கள் கலகம் செய்ததாக ஒரு கதை நூல்களிலே உலவுகிறது. அதற்குத் தக்க சான்றில்லை. தேர்தல் கூத்தைக் கிண்டல் செய்து ஹோகார்த் தீட்டிய ஓவியத்திலிருந்து கிளைத்த கற்பனை அது. பாமரரைப் பழிக்க உதவுகிறதே என்று பொய்யைக் கையிலெடுப்பது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. பதினொரு நாளைக்குரிய வாடகையும் வட்டியும் என்னாகும் என்று மாணவர் கேட்பதுண்டு. தவணைகள் முன்கூட்டி வந்துவிடாதபடி அந்தச் சட்டமே வழி செய்திருந்தது.

அப்படியானால் உரோமாபுரி அறிவின் பக்கம் நின்றது, எதிர்த்தவர் அனைவரும் இருளின் பக்கம் நின்றனர் என்று தீர்ப்பெழுதிவிடலாமா? பொறுங்கள். நாட்காட்டியைத் திருத்திய அதே பீடம், 1616இல் கோபர்நிக்கசின் நூலைத் திருத்தும்வரை படிக்கக் கூடாதென்றது. 1633இல் கலிலியோவை மண்டியிட வைத்தது. அதன் பின் நடந்தது இன்னும் விந்தை! 1655இல் பொலோனா நகரத்துப் பெரிய தேவாலயமான சான் பெட்ரோனியோவில், காசினி என்னும் வானநூலார் கூரையிலே ஒரு துளையிட்டுத் தரையிலே ஏறத்தாழ 67 மீட்டர் நீளக் கோடு வரைந்தார். நண்பகலில் அந்தத் துளை வழியே விழும் ஒளிவட்டம், நாள்தோறும் கோட்டிலே இடம்பெயரும். ஈஸ்டர் கணக்குக்கு வேண்டிய சமநாளைத் துல்லியமாக அளக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் அந்த ஒளிவட்டம் பெருத்தும் சிறுத்தும் காட்டிய அளவு, கெப்ளரின் கணிப்புக்குச் சார்பாகப் பேசிற்று. கலிலியோவைத் தண்டித்த திருச்சபையின் தேவாலயத் தரையிலே, இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், கதிரவன் சாட்சி சொன்னான்! அந்த வழக்கிலே தவறு நேர்ந்ததென்று போப் இரண்டாம் ஜான் பால் வெளிப்படையாகச் சொன்னது 1992 அக்டோபர் 31இல்.

கிழக்கே, வைதிகத் திருச்சபை நாடுகள் மேலும் பொறுத்தன. ரஷ்யாவில் லெனின் அரசு 1918இல் ஆணை பிறப்பித்தது. சனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14. அக்டோபர்ப் புரட்சியின் ஆண்டுவிழா நவம்பரில் வரும் மாயம் இதுதான். அரசு மாறிற்று, திருச்சபை மாறவில்லை. 1923இல் கான்ஸ்டாண்டினோபிளில் கூடிய மாநாட்டுக்குச் செர்பிய அறிஞர் மிலாங்கோவிச் ஒரு திட்டம் கொணர்ந்தார். பனியூழிகளின் காரணத்தை ஆய்ந்து புகழ்பெற்றவர் அவர். கிரிகோரியின் கணக்கைவிடவும் நுட்பமானது அது. 2800ஆம் ஆண்டுவரை இரண்டும் ஒத்தே செல்லும். போப்பின் பெயரில்லாத, ஆயினும் போப்பின் தேதியே காட்டும் நாட்காட்டி! கிரேக்கமும் ருமேனியாவும் மறு ஆண்டே ஏற்றன. கிரேக்கத்தில் ஒரு சாரார் பிரிந்து சென்று பழைய தேதியைப் பற்றிக்கொண்டனர். மிலாங்கோவிச்சின் தாயகமான செர்பியாவின் திருச்சபை இன்றும் பழைய நாட்காட்டியில்தான் நிற்கிறது.

சிரிக்கும் முன் நம் வீட்டுச் சுவரையும் பார்ப்போம். கதிரவன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. பஞ்சாங்கமோ உத்தராயணம் பிறப்பது தைத் திங்கள் முதல்நாள் என்கிறது. மூன்று வாரத்துக்கு மேற்பட்ட பிசகு! பொங்கல் உழவர் திருநாள். அறுவடையைக் கொண்டாட எந்த அயனத்தின் சான்றும் வேண்டுவதில்லை. ஆனால் வானத்தின் பெயரால் பேசும் நூல் வானத்தைப் பார்க்க வேண்டாவா? மேகநாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த குழு இந்தப் பிசகைச் சுட்டித் திருத்தமும் சொல்லிற்று. 1957 மார்ச் 22 முதல் இந்திய அரசு அந்த நாட்காட்டியை ஏற்றது. அரசிதழிலே இருக்கிறது, அடுப்பங்கரைச் சுவரிலே இல்லை.

இனி உக்ரைன். அங்கே 2017இலேயே டிசம்பர் 25உம் விடுமுறையாயிற்று. ஆயினும் பெரும்பாலோர் சனவரி 7ஐ விடவில்லை. வானநூலார் நானூறு ஆண்டு சொல்லிச் சாதிக்காததை, 2022 பிப்ரவரியில் நுழைந்த ரஷ்யப் படை சாதித்தது! மாஸ்கோவின் தேதி எமக்கு வேண்டா என்ற உணர்ச்சி பொங்கிற்று. உக்ரைன் வைதிகத் திருச்சபை 2023 மே திங்களில் முடிவெடுத்து, செப்டம்பர் 1 முதல் நிலையான திருநாட்களைப் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொண்டது. உரோமாபுரியோடு இணைந்திருந்தும் அதுகாறும் பழைய தேதியையே கைக்கொண்ட கிரேக்கக் கத்தோலிக்கரும் அவ்வாறே மாறினர். மாஸ்கோவோடு தொடர்புடையதாயிருந்த மற்றொரு திருச்சபை மாறவில்லை. அன்று ஆக்ஸ்பர்க்கில் போப் மீதிருந்த வெறுப்பு சரியான கணக்கைத் தள்ள வைத்தது; இன்று கீவ் நகரிலே மாஸ்கோ மீதுள்ள வெறுப்பு அதே கணக்கை ஏற்க வைத்தது. இரண்டு இடத்திலும் கணக்கைக் கேட்டவர் சிலரே.

ஈஸ்டர் மட்டும் உக்ரைனிலும் பழைய கணக்குப்படியே வருகிறது. 1997இல் சிரியாவின் அலெப்போ நகரில் பல திருச்சபையினர் கூடி, எருசலேமின் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டு வானநூலார் காட்டும் சமநாளையும் முழுநிலாவையும் ஏற்கலாமென்று பரிந்துரைத்தனர், நடைமுறைக்கு வரவில்லை. 2025இல் இரு கணக்கும் தற்செயலாக ஒன்றின. ஏப்ரல் 20 அனைவருக்கும் ஈஸ்டர். அந்த ஆண்டு நவம்பரில், பழைய நைசியா இருந்த துருக்கியின் இஸ்னிக் நகரில், மாமன்றத்தின் 1700ஆம் ஆண்டு நினைவாகப் போப் பதினான்காம் லியோவும் கான்ஸ்டாண்டினோபிளின் முதுபெரும் தந்தை பர்த்தலோமியும் சேர்ந்து இறைவேண்டல் செய்தனர். பொதுத் தேதி பிறக்கவில்லை.

பழைய நாட்காட்டியில் 2100 பிப்ரவரிக்கு 29ஆம் நாள் உண்டு, புதியதில் இல்லை. இன்று பதின்மூன்று நாளாக இருக்கும் இடைவெளி அன்று முதல் பதினான்காகும். மாஸ்கோ அதுவரை மாறாதிருக்குமானால், 2101இல் அங்கே கிறிஸ்துமஸ் சனவரி 8ஆம் நாள் வரும்.