நித்திரைக் குளிசை: துஷ்பிரயோகம் யாருடையது?

எமது புலப்பெயர்வின் வரலாறு என்று நாம் இதுவரை எழுதி வந்திருப்பவை பெரும்பாலும் இயக்கங்களின் வரலாறு, சங்கங்கள் உடைந்த வரலாறு, சிறுபத்திரிகைகள் தோன்றி மறைந்த வரலாறு என்பனதான். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 பேரைப் பற்றி நாம் எல்லோரும் எழுதியிருக்கிறோம், பேசியிருக்கிறோம். கரை சேர்ந்த பிறகு எமது ஆட்கள் எப்படி நித்திரை கொண்டார்கள் என்பது மட்டும் வரலாற்றுக்குரிய கேள்வியாக எங்களுக்குப் படவில்லை. அது குடும்ப விடயம், மிஞ்சினால் வைத்தியரின் விடயம் என்று ஒதுக்கப்பட்டது. அப்படி ஒதுக்கக்கூடியதல்ல அது என்பது எனது அபிப்பிராயம்.

ரொறொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில், ஷேர்போனுக்கும் பார்லிமென்ற் வீதிக்கும் இடைப்பட்ட ஒரு சிறு நிலத்துண்டில் பத்தொன்பது உயர்ந்த தொடர்மாடிகள் நிற்கின்றன. 1960களில், நகரின் மத்தியில் உத்தியோகம் பார்க்கும் மணமாகாத இளைஞர்களையும் பிள்ளைகளில்லாத தம்பதிகளையும் மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. கனடிய நகரங்களின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டியிருந்தார்கள். அந்த இளைஞர்கள் போய்விட, 1980களின் பிற்பகுதியில் எம்மவர்கள் வந்தார்கள். ஒருவருக்கென்று கட்டிய வீட்டில் ஐந்தாறு பேர் இருந்தோம். இரவு வேலைக்காரர் பகலிலும் பகல் வேலைக்காரர் இரவிலும் ஒரே மெத்தையில் படுத்தோம். 1989 ஜனவரியில் குடிவரவு அகதிகள் சபை இயங்கத் தொடங்கியபோது, அதற்கு முன் விண்ணப்பித்தவர்களின் கோவைகள் பல்லாயிரக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. வழக்கு முடிந்தால்தான் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடலாம். வழக்கு முடியும் திகதியோ எவருக்கும் தெரியாது. அதற்கிடையில் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போனது.

கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவன் என்பதால் அயலவர்களுடன் வைத்தியரிடம் மொழிபெயர்ப்புக்குப் போவது அந்த நாட்களில் எனது வேலைகளில் ஒன்றாக இருந்தது. அவர்கள் சொன்ன சொல் அநேகமாக எப்போதும் ஒன்றுதான். “யோசினை கூடிப்போச்சுத் தம்பி. நெஞ்சு படபடக்குது, நித்திரை இல்லையெண்டு சொல்லும்.” இந்த ‘யோசனை’க்கு நேரான ஆங்கிலச் சொல் இல்லை. ஊரில் விடுபட்ட தாயும், ஏஜென்சிக்காரனுக்குக் கட்டவேண்டிய கடனும், செல்லடிக்குப் பிறகு கடிதம் வராத இரண்டு மாதமும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தன. எனக்குக் கிடைத்த ஆங்கிலச் சொல்லோ, யாழ்ப்பாணத்து உளமருத்துவர்கள் தமிழில் ‘பதகளிப்பு’ என்று எழுதும் நோயின் பெயர். அந்தச் சொல்லை மேசையில் வைத்தவுடன் வைத்தியரின் பேனை மருந்துத்துண்டை நோக்கிப் போகும். பார்க்கும் நோயாளியின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் பெறும் முறையில் ஒருவருக்கு ஒதுக்கப்படுவது சில நிமிடங்கள். கடனுக்கு மருந்தில்லை, காணாமற்போன தம்பிக்கு மருந்தில்லை. பதகளிப்புக்கு இருந்தது.

அந்தக் குளிசைக்கும் ஓர் அகதி வரலாறு உண்டு. நவீன அமைதியூட்டிகளில் முதலில் பெரும் சந்தையைப் பிடித்தது 1955இல் அமெரிக்காவில் வெளிவந்த மில்ரவுண். அதனை உருவாக்கிய பிராங் பேர்கர் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஹிட்லருக்குத் தப்பி இங்கிலாந்துக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் போன யூதர். அதனை ஓரம்கட்டிய லிப்ரியம், வேலியம் இரண்டையும் தந்த லியோ ஸ்ரேர்ன்பாக்கும் அவ்வாறே. 1908இல் அட்ரியாற்றிக் கரையில் பிறந்து, போலந்தின் கிராக்கோவில் படித்து, சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் ரோஷ் நிறுவனத்தில் வேலை செய்தவர். 1941இல் அந்நிறுவனம் அவரை அமெரிக்காவிலுள்ள தனது நியூ ஜேர்சிக் கிளைக்கு அனுப்பியது. மில்ரவுணுக்குப் போட்டியாக ஒரு மருந்து வேண்டும் என்று நிறுவனம் கேட்டபோது, கிராக்கோவில் சாயப்பொருள் தேடித் தான் ஆராய்ந்த பழைய சேர்வைகளிடம் அவர் திரும்பிப் போனார். தயாரித்தவற்றில் ஒன்று சோதிக்கப்படாமலே மூலையில் கிடந்தது. 1957இல் ஆய்வுகூடத்தைத் துப்புரவு செய்தபோது அதனை எடுத்து மிருகங்களில் பரிசோதித்தார்கள். 1960இல் அது லிப்ரியம் என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1963இல் வேலியம் வந்தது. பென்சோடயசெபின் என்ற குடும்பம் இப்படித்தான் தொடங்கிற்று. எமது ஆட்களின் அலுமாரிகளுக்கு வந்த லோறசெபாமும் இக்குடும்பத்தின் பிந்திய பிள்ளைதான். அகதிகளின் கையால் பிறந்த பொருள் அகதிகளின் கைக்கு வந்து சேர்ந்தது என்பதில் நான் தத்துவம் எதுவும் தேடவில்லை. ஆனால் தகவலாகவேனும் தெரிந்திருக்க வேண்டியது.

இதைவிட முக்கியமானது, இம்மருந்து பற்றி எப்போது என்ன தெரிந்திருந்தது என்பது. லிப்ரியம் விற்பனைக்கு வந்த மறுவருடமே, 1961இல், லியோ ஹொலிஸ்ரர் என்ற அமெரிக்க மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாதக்கணக்கில் உயர்ந்த அளவில் இம்மருந்தைப் பெற்ற 11 நோயாளிகளுக்கு அதனைத் திடீரென நிறுத்தி, மருந்தில்லாத வெறும் குளிசையைக் கொடுத்தபோது 10 பேருக்கு விலகல் அறிகுறிகள் தோன்றின. இருவருக்கு வலிப்பு வந்தது. அளவு அதிகம், சாதாரண நோயாளிக்கு இது பொருந்தாது என்று சொல்லி மருத்துவ உலகம் நகர்ந்துவிட்டது. 1978இல் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 230 கோடி வேலியம் குளிசைகள் விற்பனையாகின. 1980இல்கூடப் பிரித்தானியாவின் மருந்து மீளாய்வுக் குழு, 1960 முதல் 1977 வரை அந்நாட்டில் இக்குளிசைகளுக்கு அடிமையானவர்கள் 28 பேர் என்று கணக்குச் சொன்னது. எட்டு வருடம் கழித்து, 1988இல், அதே நாட்டின் மருந்துப் பாதுகாப்புக் குழு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் இவற்றைக் கொடுக்கவேண்டாம் என்று வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியது. 28 பேருக்காக இப்படியோர் அறிவுறுத்தல் வருவதில்லை. பின்னர் ஏறக்குறைய 14,000 பேர் உற்பத்தி நிறுவனங்களுக்கு எதிராக வழக்காட முன்வந்ததும், சட்ட உதவிப்பணம் நிறுத்தப்பட அந்த வழக்கு 1990களில் படுத்துப்போனதும் தனிக்கதை.

கனடாவுக்கும் இதில் சொந்தக் கதை உண்டு. 1969இல் கனடா தனது காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, மலிவான மருந்துகள் வரக் கதவைத் திறந்தது. ஹோர்னர் என்ற மொன்றியல் நிறுவனம் விவோல் என்ற பெயரில் அதே மருந்தை விற்கத் தொடங்கியிருந்தது. 1970இல் ரோஷின் கனடியக் கிளை வைத்தியசாலைகளுக்கு வேலியத்தை இலவசமாகவே கொடுத்தது, ஒரு வருடமளவும். வைத்தியசாலையில் எந்தப் பெயரை எழுதப் பழகுகிறாரோ அதே பெயரைத்தான் வைத்தியர் வெளியிலும் எழுதுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். போட்டியை ஒழிக்கும் நோக்கில் விலை வைத்த குற்றத்துக்கு 1980இல் ஒன்ராறியோ நீதிமன்றம் அந்நிறுவனத்தைக் குற்றவாளியாகக் கண்டது. தண்டம் 50,000 டொலர். வேலியம் விற்ற கணக்கில் அது பெட்டிக்கடைக்காரர் பொலிசுக்குக் கொடுக்கும் தேத்தண்ணிக் காசு.

அதே காலத்தில் ரொறொன்ரோவின் அடிமைப்பழக்க ஆய்வு நிறுவனத்தில் றூத் கூப்பர்ஸ்ரொக் என்ற சமூகவியலாளர் வேறொரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். கனடாவில் இக்குளிசைகள் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு எழுதப்படுவதேன்? 1979இல் ஹென்றி லெனார்ட்டுடன் இணைந்து எழுதிய கட்டுரையில் பாவனையாளர்களையே பேசவிட்டு அவர் கண்டது இது: மனைவி, தாய், வீட்டு வேலைக்காரி என்று தம்மீது சுமத்தப்பட்ட, தம்மால் தாங்கவியலாத பாத்திரங்களில் தொடர்ந்து தரித்திருப்பதற்காகவே பெண்கள் பலர் இதனை விழுங்கினர். வாழ்க்கை மாறவில்லை. அதைத் தாங்கும் ஆள்தான் மாற்றப்பட்டாள். 1982இல் ஜெசிக்கா ஹில்லுடன் சேர்ந்து கனடிய அரசுக்காகவும் ஓர் அறிக்கை எழுதினார். இந்த நிறுவனம் (1998இல் வேறு நிறுவனங்களுடன் இணைக்கப்பட்டுவிட்டது) ஸ்பதைனா வீதிக்கு அருகில்தான் இருந்தது. சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து கால்நடையாகவே போய்விடலாம். நாங்கள் வந்து இறங்குவதற்கு முன்னரே, எங்களுக்கு நடக்கப்போவதன் விளக்கம் அந்தக் கட்டடத்தில் அச்சாகிக் கிடந்தது.

ஏனெனில் கூப்பர்ஸ்ரொக்கின் பெண்களுக்கு வீடு எதுவோ, எங்களுக்கு அகதி வழக்கு அது. தாங்கவியலாத காத்திருப்பில் தரித்திருக்கவேண்டும். அடுத்த நாள் ரெஸ்ரோரன்ற் பின்கட்டில் கோப்பை கழுவ எழும்பவேண்டும். 1988இல் மோட்டன் பைசர் தலைமையிலான கனடிய அரசின் பணிக்குழு இதனைத் தெளிவாகவே சொல்லியிருந்தது: குடிபெயர்வு தன்னளவில் மனநோயைத் தருவதில்லை, குடும்பப் பிரிவும் வேலை இன்மையும் மொழி இன்மையும் சேரும்போதே தருகிறது. 2003இல் அதே பைசர், லோறா சிமிச், நளினி பாண்டலங்காற் ஆகியோருடன் ரொறொன்ரோத் தமிழர் மத்தியில் செய்த ஆய்வை வெளியிட்டார். ஏறக்குறைய 12 வீதமானோரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் காணப்பட்டது. அவர்களில் உதவி நாடியவர்கள் சிறுபகுதியினர். உதவி நாடவில்லை என்பதற்கு எதுவும் விழுங்கவில்லை என்று பொருளல்ல. குடும்ப வைத்தியரிடம் “நித்திரைக்கு ஏதும் தாங்கோ” என்று கேட்பது எங்கள் ஆட்களுக்கு மனநோய்க்கு உதவி நாடுவதாகவே படாது.

நானும் லோறசெபாமை ஆறு வருடம் எடுத்தவன். ஒரு மில்லிகிராமில் தொடங்கியது. வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் எடுத்தேன். நாலாம் மாதமளவில் நித்திரை மறுபடி கலையத் தொடங்கியது, அளவு இரண்டாக்கப்பட்டது. பின்னர் குளிசைக்கும் குளிசைக்கும் இடைப்பட்ட பின்னேரங்களில் கை நடுங்கும், சத்தம் கேட்டால் நெஞ்சு திடுக்கிடும். எனது பழைய நோய் முற்றுகிறது என்றே எனக்கும் வைத்தியருக்கும் தோன்றியது. அது நோயல்ல, மருந்து இறங்கும் நேரத்து விலகல். மூளையில் ‘காபா’ என்ற இரசாயனம் நரம்புகளை அடக்கி வைக்கிறது. இக்குளிசை அதன் கையைப் பலப்படுத்துகிறது. நாளடைவில் மூளை அதற்கு ஈடுகொடுத்துத் தன் பிடியைத் தளர்த்திக்கொள்கிறது. குளிசை இல்லாதபோது அடக்குவதற்கு ஆளில்லை. இவ்வளவுதான் விடயம். இதில் மனவுறுதிக்கோ ஒழுக்கத்துக்கோ இடமில்லை.

‘துஷ்பிரயோகம்’ என்ற சொல்லுடன் எனக்குள்ள பிணக்கு இங்கேதான். உண்மையான துஷ்பிரயோகம் எங்களிடம் இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் “ரெண்டு குளிசை தாங்கோ, பிறகு தாறன்” என்று அரிசி சீனி போலக் கடன் வாங்கிய வழக்கம் எங்கள் மாடிகளில் இருந்தது. சாராயத்துடன் சேர்த்து எடுத்த ஆண்களையும் தெரியும். இரண்டும் சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடக்கூடும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆனால் இவர்களைவிட அதிகமானோர் துண்டில் எழுதியபடியே எடுத்து, அதிலிருந்து மீள முடியாமற் போனவர்கள். எமது சமூகம் இவர்களுக்கு வைத்த பெயர் ‘குளிசைக்காரி’, ‘மண்டை பிழைச்சவர்’. கலியாணப் பேச்சு வந்தால் அலுமாரியைப் பூட்டினார்கள்.

எமது புத்திசீவி நண்பர்களிடம் இன்னொரு பெயர் உண்டு. இதெல்லாம் பல்தேசியக் கம்பனிகளின் சதி, குளிசையைத் தூக்கி எறியுங்கள் என்பார்கள். கம்பனிகள் பற்றி அவர்கள் சொல்வதை மறுக்க என்னிடம் காரணமில்லை. 1973இல் பிரித்தானிய ஏகபோக ஆணைக்குழு கண்டதுபோல, இத்தாலியில் கிலோ 20 பவுணுக்குக் கிடைத்த வேலிய மூலப்பொருளுக்கு 922 பவுண் கணக்கெழுதிய கம்பனிதான் அது. எனினும் ஒருவரை இரண்டு வாரம் நித்திரை கொள்ளவைத்துக் காப்பாற்றுவதும் இதே குளிசைதான். வலிப்பை நிறுத்த வைத்தியசாலையில் ஏற்றுவதும் இதே குடும்ப மருந்துதான். அதைவிட, தூக்கி எறியுங்கள் என்ற புத்திமதி ஆபத்தானது. நெடுங்காலம் எடுத்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம். ஹொலிஸ்ரர் 1961இல் காட்டியதும் இதைத்தான்.

நிறுத்தும் வழியை நிதானமாக எழுதி வைத்தவர் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துப் பேராசிரியர் ஹீதர் அஷ்ரன். 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு கிளினிக் நடத்தி ஏறக்குறைய 300 பேரைப் பார்த்தவர். லோறசெபாம் போன்று விரைவாக இறங்கும் குளிசையைப் படிப்படியாக, மெல்ல இறங்கும் வேலியத்துக்கு மாற்றி (அவரது கணக்கில் ஒரு மில்லிகிராமுக்குப் பத்து), பிறகு ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குறைப்பது அவரது முறை. வேகத்தைத் தீர்மானிப்பவர் நோயாளி என்றார். மாதங்கள் செல்லலாம், ஒரு வருடத்துக்கு மேலும் செல்லலாம். எனக்குப் பதினான்கு மாதம் சென்றது. வைத்தியரின் கண்காணிப்பில்தான் செய்தேன். கடைசிக் காற்பங்குதான் கஷ்டம்.

2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இக்குளிசைகள் அனைத்துக்கும் பெட்டிக்குள் அச்சிடும் எச்சரிக்கையைப் புதுப்பித்தது. சொன்ன அளவில் எடுத்தாலும் உடல் பழகிவிடும், திடீரென நிறுத்தினால் உயிராபத்து நேரலாம் என்று அது சொல்கிறது. ஹொலிஸ்ரரிலிருந்து கணக்கிட்டால் 59 வருடம்.

சென் ஜேம்ஸ் ரவுணில் அன்று என்னுடன் வைத்தியரிடம் வந்த அக்காமாரில் பலர் இன்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிள்ளைகளுடன் இருக்கிறார்கள். எழுபதைத் தாண்டிவிட்டார்கள். சிலருடைய அலுமாரியில் அதே குளிசை இன்னும் இருக்கிறது. இந்த வயதில் அது விழுகையையும் இடுப்பெலும்பு முறிவையும் மறதியையும் கூட்டுகிறது. அவர்களில் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் கேட்டார்: “பேத்தி இதெல்லாத்தையும் குப்பையில போடச் சொல்லுறாள், என்ன செய்யட்டும்?” போடவேண்டாம், பேத்தியையும் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போய் எவ்வளவு காலமாக எடுக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள் என்றேன். எவ்வளவு காலம் என்று அவரே எண்ணிப் பார்த்தார். சமாதானப்படை காலத்திலிருந்து என்றார்.