சபா மண்டபமும் வட்டக்களரியும்: மட்டக்களப்பில் இசையும் மக்களும்

ஒரு கலை எவ்வரங்கில் நிகழ்கின்றது என்பது அக்கலையைச் சூழ்ந்துள்ள சமூக உறவுகளைப் புலப்படுத்துவதாகும். சிலர் கூடியிருந்து கேட்பதற்கென உருவான இசையை, அதனைக் கேட்கும் வாய்ப்பற்றோரிடம் எடுத்துச் செல்லும் முயற்சிகள் கடந்த ஒன்றரை நூற்றாண்டாகப் பல நாடுகளில் நடைபெற்றுள்ளன. அவற்றைத் தொண்டு என்ற அளவில் மட்டும் நோக்குவோமாயின் அவற்றின் வரலாற்று உள்ளடக்கம் மறைந்துபோகும். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் அமைந்த தேற்றாத்தீவு போன்ற கிராமங்களை மனத்திற்கொண்டு இவ்விடயத்தை ஆராய்வது பயனுடையதாகும்.

ஐரோப்பாவில் நால்வர், ஐவர் சேர்ந்து வாசிக்கும் அறையிசை பிரபுக்களின் மாளிகைகளிற் செழித்தது. 1761இல் எஸ்தர்ஹாசி குடும்பத்தின் ஊழியத்தில் அமர்ந்த ஹைடன், 1791இல் இலண்டனுக்குச் சென்று கட்டணம் செலுத்திய நகர மக்கள் முன்னிலையில் தம் படைப்புகளை அரங்கேற்றினார். புரவலனின் இடத்தைச் சந்தை பெற்ற காலம் அது. கட்டணம் செலுத்த இயலாத தொழிலாளருக்கு இவ்விசையை அளிக்கும் நோக்குடன் 1878இல் இலண்டனில் மக்கள் இசையரங்குக் கழகம் தோன்றியது. 1887இல் சவுத் பிளேஸ் ஞாயிற்றுக்கிழமை இசையரங்குகள் தொடங்கின. விலை என்னும் தடை இவற்றால் ஓரளவு தகர்ந்தது. ஆயின் எதனைக் கேட்பது, எவ்வாறு கேட்பது என்பவற்றை வேறொரு வர்க்கமே தீர்மானித்தது.

தமிழகத்திலும் இதனையொத்த மாற்றம் நிகழ்ந்தது. தஞ்சை அரசவையையும் கோயில்களையும் சார்ந்திருந்த இசை, குடியேற்ற ஆட்சிக்காலச் சென்னையில் மத்தியதர வர்க்கத்தின் சபாக்களை வந்தடைந்தது. 1928இல் மியூசிக் அக்காதெமி நிறுவப்பட்டது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாநாட்டின் வழியாகவும் 1943இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கத்தின் வழியாகவும் வலுப்பெற்ற தமிழிசை இயக்கம், மக்களின் மொழி மேடையில் ஒலிக்கவேண்டும் எனப் போராடியது. எம்மொழியிற் பாடுவது என்ற வினாவை அது கூர்மையாக எழுப்பியது. மண்டபத்தினுள் அமரும் உரிமை யாருடையது என்ற வினா அதே கூர்மையுடன் எழவில்லை.

இப்பின்னணியிலேயே காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தரின் (1892-1947) பணியை மதிப்பிடல் வேண்டும். வழக்கொழிந்த யாழை ஆராய்ந்து அவர் எழுதிய ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக இருந்த காலத்தில் திருவேட்களத்து ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பிற் கல்வி புகட்டியவரும் அவரே. இவ்விரு பணிகளும் ஒரே மனிதரிடத்து அருகருகே நிகழ்ந்தன; எனினும் யாழும் சேரியும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. இது தனிமனிதக் குறைபாடன்று. அக்காலத் தமிழ்ப் புலமையின் எல்லையே இது.

மட்டக்களப்புக் கிராமங்கள் இசையற்ற வெறுநிலங்கள் அல்ல என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. வடமோடி, தென்மோடிக் கூத்துகள், வசந்தன் ஆடல்கள், கண்ணகி வழிபாட்டுப் பாடல்கள், பறைமேளம் எனச் செழுமையான மரபு அங்குண்டு. வட்டக்களரியின் நடுவே அண்ணாவியாரின் மத்தளமும் தாளமும் பிற்பாட்டும் ஒலிக்க, ஊரார் நாற்புறமும் சூழ்ந்து விடியும்வரை கேட்பர். மாதக்கணக்கிற் பழக்கத்தைப் பார்த்தவர்களாதலின் அவர்கள் பாடலையும் தாளத்தையும் அறிந்த சுவைஞர்கள். அறையிசையின் உயிர்ப்பண்பாகக் கூறப்படும் நெருக்கம் இங்கு இயல்பாகவே உண்டு. ஆயினும் இம்மரபை இலட்சியப்படுத்துதல் பொருந்தாது. சடங்குகளுக்கு இன்றியமையாத பறைமேளக் கலைஞர் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டனர். மரபுவழிக் கூத்தில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ தொடக்கம் கூத்தைச் செம்மைப்படுத்திப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். கற்றோர் கூத்தை மதிக்கத் தலைப்பட்டமை அதன் பெரும்பேறாகும். அதேவேளை இரவு முழுவதும் நிகழ்ந்தது சுருங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. கலை நகரை நோக்கி நகர்ந்தது. அதனைப் பேணிய உழைப்பாளி ஊரிலேயே தங்கினான்.

பின்வந்த முயற்சிகள் வேறு திசையைச் சுட்டின. 1982இல் கல்லடியில் தொடங்கிய இசை நடனக் கல்லூரி, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்து, இசைக் கல்வியை இப்பிரதேச இளைஞருக்கு அண்மையாக்கியுள்ளது. 1990களின் பிற்பகுதியில் அப்பல்கலைக்கழகத்தில் உருவான ‘இன்னியம்’, மேலைத்தேய பாண்டு வாத்தியத்திற்கு மாற்றாகப் பறைமேளத்தையும் மத்தளத்தையும் பிற உள்ளூர் இசைக்கருவிகளையும் ஒன்றிணைத்து வரவேற்பு அணியாக முன்வைத்தது. ஒதுக்கப்பட்ட கருவி விழாவின் முன்வரிசைக்கு வந்தமை வெறும் இசை மாற்றமன்று.

சென்னையில் 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பில் தொடங்கிய விழாவும் இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கது. ரி. எம். கிருஷ்ணா முதலியோர் முன்னின்ற அவ்விழாவிற் கச்சேரியும் பறையும் ஒரே திறந்தவெளியைப் பகிர்ந்தன. 2017இல் கட்டைக்கூத்தும் கர்நாடக இசையும் ஒரே மேடையில் இணைக்கப்பட்டன. ‘நாம் கொடுக்கிறோம், அவர்கள் பெறுகிறார்கள்’ என்ற உறவு இங்கு கேள்விக்குள்ளாயிற்று. ஆயினும் விழா முடிந்தபின் மண்டபத்தின் கதவு எவருக்குத் திறந்திருக்கும் என்ற வினா எஞ்சவே செய்கின்றது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? கச்சேரி தேற்றாத்தீவுக்குச் செல்லுதல் வேண்டும். வயலிலும் வாவியிலும் உழைப்போருக்கு உலகின் எந்த நல்லிசையும் அந்நியமானதன்று. ஆனால் அது வட்டக்களரியில் விருந்தாளியாகச் செல்லுதல் வேண்டும். அண்ணாவியாரும் பறைமேளக் கலைஞரும் அதே களரியில், அதே ஊதியத்துடனும் மதிப்புடனும் இடம்பெறுதல் வேண்டும். நிகழ்ச்சியைத் தெரிவதில் ஊராருக்குப் பங்கிருத்தல் வேண்டும். கேட்போர் தொகை பெருகுவதால் மட்டும் கலை மக்கள்மயமாகிவிடாது. அரங்கின் மீதான உரிமை எவர் கையில் உள்ளது என்பதே இறுதியில் தீர்மானகரமானதாகும்.