ஒரே வகுப்பறையில் அமர்வது மட்டும் போதுமா?

நமது நாட்டின் அரச பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை ஒரு மொழிமூலத்தை மட்டுமே கொண்டவை. சிங்களப் பிள்ளை சிங்களப் பாடசாலைக்கும், தமிழ்ப் பிள்ளை தமிழ்ப் பாடசாலைக்கும், முஸ்லிம் பிள்ளை முஸ்லிம் பாடசாலைக்கும் செல்வதே வழமையாக இருந்துவருகின்றது. இரு மொழிமூலங்களும் உள்ள பாடசாலைகளிற்கூட வகுப்பறைகள் வேறு வேறானவையே. 1940களில் ஆரம்பமான தாய்மொழிமூலக் கல்வி கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வியின் வாயிலைத் திறந்துவிட்டது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும், அயலில் வாழும் மற்றைய இனத்துப் பிள்ளையுடன் ஒரு நாளேனும் ஒன்றாக இருந்து படிக்காமலேயே பெரியவர்களாகிவிடும் நிலைமையும் அதனுடன் சேர்ந்தே உருவாகியது.

இத்தகையதொரு நாட்டில் மூவினப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்து கற்கும் இடங்களாகச் சர்வதேசப் பாடசாலைகள் விளங்குவது சற்று விசித்திரமானதே. ஏனெனில், அவை அந்த நோக்கத்துடன் தோற்றுவிக்கப்பட்டவையல்ல. 1957 இல் கொழும்பில் ஆரம்பிக்கப்பட்ட வெளிநாட்டவருக்கான பாடசாலை, இராஜதந்திரிகள் போன்றோரின் பிள்ளைகளை மனதிற்கொண்டு அமைக்கப்பட்டது. 1977 இன் பின்னர் திறந்த பொருளாதாரம் வந்தபோதே உள்ளூர்ப் பெற்றோரின் பார்வை இந்தப் பக்கம் திரும்பியது. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலைகளை ஆரம்பிப்பதைத் தடை செய்திருந்தமையால், இவை கம்பனிகளாகப் பதிவு செய்யப்பட்டன. கல்வி அமைச்சின் நேரடி மேற்பார்வைக்கு வெளியே, வர்த்தக நிறுவனங்களாகவே இவை வளர்ந்தன. எதைப் போதிப்பது, எந்த மொழிக்கு எத்தனை பாடவேளை ஒதுக்குவது என்பதெல்லாம் பெரும்பாலும் நிருவாகத்தின் விருப்பத்திலேயே தங்கியுள்ளமைக்கு இதுவே காரணமாகும்.

ஒன்றாக இருத்தலின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நோன்பு நோற்கும் சக மாணவியின் முன்னால் உண்ணத் தயங்கும் பிள்ளையும், வெசாக் கூடு கட்டுவதற்குத் தோழனுக்கு உதவும் பிள்ளையும் எந்தப் பாடநூலும் தரமுடியாத ஒன்றைக் கற்றுக்கொள்கின்றனர். ஆனால், பண்பாட்டுப் பன்மை என்பதை ஆண்டிற்கொரு முறை தேசிய உடை அணிந்து மேடையேறும் விழாவாகக் கருதும் பாடசாலைகளும் உள்ளன. மறுநாட் காலையில் அதே பிள்ளைகள் வீட்டு மொழியிற் பேசினால் தண்டிக்கப்படுகின்றனர் என்றால், முதல்நாள் விழாவிற்கு என்ன அர்த்தம்?

மொழி விடயத்திற் பெற்றோர் ஒரு முக்கியமான உண்மையை அறிந்திருக்க வேண்டும். கனடாவைச் சேர்ந்த கல்வியியலாளர் ஜிம் கம்மின்ஸ், உரையாடுவதற்கான மொழித்திறனும் பாடங்களைக் கற்பதற்கான மொழித்திறனும் வேறு வேறானவை என்பதை 1979 இல் எடுத்துக் காட்டினார். ஒரு பிள்ளை இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டாம் மொழியிற் சரளமாகப் பேசப் பழகிவிடலாம். ஆனால், அம்மொழியில் விஞ்ஞானத்தையும் வரலாற்றையும் வாசித்து விளங்கி, காரணம் கூறி எழுதுவதற்கு 5 முதல் 7 ஆண்டுகள் வரை செல்லலாம் என்பதே அவரது ஆய்வுகளின் முடிவாகும். விருந்தினர் முன்னிலையில் மகன் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குவதைக் கண்டு மகிழும் பெற்றோர், ஆறாம், ஏழாம் தரங்களில் அவன் பாடங்களிற் பின்தங்கும்போது திகைத்து நின்று, ரியூசன் ஆசிரியரைத் தேடி ஓடுகின்றனர். பிள்ளை மந்தமானவனல்லன். அவனது பேச்சை வைத்து அவனது விளக்கத்தை அளந்தமையே தவறு. தாய்மொழியில் எண்ணக்கருக்கள் உறுதியாகப் பதிந்திருப்பின் அவை இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்பதையும் கம்மின்ஸ் வலியுறுத்தினார். தமிழைக் கைவிட்டால் ஆங்கிலம் விரைவில் வரும் என்ற நம்பிக்கைக்கு இங்கு ஆதாரம் எதுவுமில்லை.

ஆயினும் நடப்பது என்ன? லண்டன் பரீட்சைகளில் தமிழும் ஒரு தெரிவுப் பாடமாக உண்டு. அதைத் தெரிவு செய்யாமலேயே ஒரு தமிழ்ப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ பாடசாலைக் கல்வியை முடித்து வெளியேற முடிகின்றது. அம்மம்மாவின் கடிதத்தையோ, உம்மம்மா சொல்லும் கதையையோ விளங்கிக்கொள்ள முடியாத ஒரு தலைமுறை நமது வீடுகளிலேயே உருவாகி வருகின்றது.

முஸ்லிம் பெற்றோரின் சங்கடம் இன்னொரு வகையானது. அரசாங்க முஸ்லிம் பாடசாலைகளுக்கு றமழான் கால விடுமுறையுடன் கூடிய தனியான தவணை அட்டவணை உண்டு. ஏனைய சர்வதேசப் பாடசாலைகளில் அது இல்லாதபோது, நோன்பு நோற்கும் பிள்ளை பரீட்சைக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் முகங்கொடுக்க நேருகின்றது. உடை பற்றிய விதிகளும் பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடுகின்றன. இதனாலேயே சிலர் முஸ்லிம்களுக்கெனத் தனியான சர்வதேசப் பாடசாலைகளை நாடுகின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், அங்கும் பிள்ளைகள் மீண்டும் தத்தம் இனத்தவருடனேயே அமர்கின்றனர்!

வரலாற்றுப் பாடத்தில் ஹிட்லரின் ஜேர்மனியைப் பற்றி விரிவாக எழுதக்கூடிய மாணவன், தனக்கு அருகில் இருப்பவனின் குடும்பம் 1983 இல் எதைச் சந்தித்தது, 1990 இல் வடபுல முஸ்லிம்கள் எவ்வாறு வெளியேற்றப்பட்டனர் என்பதை அறியாதிருக்கின்றான். மூவினப் பிள்ளைகளும் கூடியிருக்கும் வகுப்பறையே இவற்றை நிதானமாகப் பேசுவதற்கு மிகப் பொருத்தமான இடம் என்பது நமது கருத்து. ஆனால், பரீட்சையில் வராத எதற்கும் அங்கு நேரமில்லை.

1989 இல் நிறைவேற்றப்பட்டு, 1991 இல் இலங்கையும் ஏற்று உறுதிப்படுத்திய சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 29 ஆவது உறுப்புரை, பிள்ளையின் பெற்றோர், பண்பாட்டு அடையாளம், மொழி ஆகியவற்றுக்கும் தன்னுடையதிலிருந்து வேறுபட்ட நாகரிகங்களுக்குமான மதிப்பைக் கல்வி வளர்க்கவேண்டும் என்று கூறுகின்றது. கட்டணம் அறவிடும் பாடசாலைகளுக்கு இதிலிருந்து விலக்களிக்கப்படவில்லை. பிள்ளையின் தாய்மொழியையும் மற்றைய தேசிய மொழியையும் குறைந்தபட்சம் ஒன்பதாம் தரம் வரையேனும் கட்டாயமாக்கும் ஒழுங்குவிதியொன்றை அரசாங்கம் கொண்டுவரவேண்டும். தகுதியான தமிழாசிரியர்களை நியமிப்பதும் அதில் அடங்கவேண்டும். சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அனுமதிக் கட்டணத்தைச் செலுத்தச் செல்லும் பெற்றோர், நீச்சல் தடாகத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னர், வாரத்திற் தமிழுக்கு எத்தனை பாடவேளைகள், அதைக் கற்பிப்பவர் யார் என்று கேட்கலாம்.