தங்கவயலும் விஞ்ஞானச் சிரிப்பும்

விஞ்ஞானச் செய்தி எதுவாயினும், அது பத்திரிகையில் வெளிவந்த மறுநாளே அதைக்குறித்து ஒரு வேடிக்கைப் பேச்சும் பிறந்துவிடுவது உலக வழக்கம். 1969-ஆம் ஆண்டில் மனிதன் சந்திரனில் இறங்கினான். அங்கே அவனுக்கு முன்பே ஒரு மலையாளி தேநீர்க் கடை வைத்திருந்தார் என்ற வேடிக்கையும் உடன் பிறந்தது. வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவருள் அதைக் கேளாதவர் அரியர். இவ்வகைச் சிரிப்பைக் கற்றோர் சிலர் அறியாமை என்று தள்ளிவிடுவர். நாம் அவ்வாறு தள்ளுவதற்கில்லை. நல்ல வேடிக்கை ஒவ்வொன்றினுள்ளும் நியாயமான கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது என்பது நமது கருத்து. அதற்குச் சான்றாகக் கோலார் தங்கவயலின் சரித்திரத்திலிருந்து சில செய்திகளை இங்கே காண்போம்.

கர்நாடக மாநிலத்தில், தமிழகத்தின் எல்லைக்கு அணித்தாக உள்ளது தங்கவயல். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து தமிழ் மக்கள் குடும்பம் குடும்பமாக அங்கே சென்று, மாரிக்குப்பம், சாம்பியன் ரீப், உரிகம் ஆகிய இடங்களில் குடியேறினர். பிழைப்பு நாடி ஊரை விட்டு வந்தோர் என்ற முறையில் பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நமக்கு அவர்கள் மூத்த உறவினர் ஆவர்.

அவ்வூருக்கு 1902-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் வந்துவிட்டது. மைசூர் சமஸ்தானத்தார் சிவசமுத்திரத்தில் காவிரி நீர்வீழ்ச்சியின் விசையால் மின்சாரம் உண்டாக்கி, ஏறத்தாழ 92 மைல் தொலைவுக்குக் கம்பி வழியே அதனைத் தங்கவயலுக்கு அனுப்பினர். அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்கம்பிப் பாதைகளுள் அதுவும் ஒன்று. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பின்னர், 1905-ஆம் ஆண்டில்தான்.

நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் செய்தி பரவிய இடமெல்லாம் ஒரு வேடிக்கையும் பரவிற்று. அணைக்கட்டு எழுந்த பிரதேசங்கள் பலவற்றில் அது வழங்கியதுண்டு. "மின்சாரத்தைக் கறந்து எடுத்துக்கொண்டு விடுகிறார்களே, அந்தத் தண்ணீரில் பயிருக்கு என்ன சத்து மிஞ்சும்?" என்பதே அது. வெண்ணெய் எடுத்த மோரைப் போல நீரும் சாரமற்றுப் போய்விடும் என்பது இதன் பொருள். விஞ்ஞான நோக்கில் இதற்கு விடை எளிது. மேலிருந்து விழும் நீரின் வேகமே சக்கரத்தைச் சுழற்றுகிறது. நீர் இழப்பது தான் நின்ற உயரத்தை மட்டுமே. அதன் குணம் எவ்வாற்றானும் குறைவதில்லை.

ஆயினும், அந்த வேடிக்கையைச் சொன்ன குடியானவன் கேட்ட உண்மைக் கேள்வி வேறு. மேல்நாட்டார் ஆற்றில் கைவைத்தால் கீழ்நாட்டான் வயலுக்கு வரும் பங்கு என்ன ஆகும் என்பதே அது. சென்னை அரசாங்கமும் மைசூர் அரசாங்கமும் இதே கேள்விக்காக 1892-லும் 1924-லும் உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது. அதற்குப் பின்னும் வழக்கு ஓய்ந்துவிடவில்லை என்பதை நேயர்கள் யாவரும் அறிவர். விஞ்ஞானம் தவறாயினும் கவலை தவறன்று.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் நகைச்சுவையும் இவ்வகையைச் சேர்ந்ததே. விஞ்ஞானத்தை வளர்க்கப் போவதாகக் கணவன் பெருமை பேச, மனைவி எதிர்வாதம் புரியும் அவருடைய வேடிக்கைப் பாடல் ஒன்றை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். பொத்தானைத் தட்டினால் இட்டலியும் காப்பியும் பக்கத்தில் வந்து சேரவேண்டும் என்ற ஆசை அதில் வருகிறது. அணுகுண்டின் அச்சம் உலகைச் சூழ்ந்திருந்த காலத்தில், இவ்வளவு பெரிய விஞ்ஞானம் அடுப்படியில் அல்லற்படுபவளுக்கு என்ன செய்யும் என்று கேட்டது அந்தச் சிரிப்பு. உழைப்பவரின் சுமை குறையுமா என்பதே அதன் உட்பொருள்.

மூன்றாவது சிரிப்பு கடல் கடந்த அமெரிக்காவில் எழுந்தது. அதற்கு விடை கூறும் பேறு தங்கவயலுக்கு வாய்த்தது என்பது வியப்புக்குரிய செய்தி.

நியூட்ரினோ என்பது அணுவினும் மிகச் சிறிய ஒரு துகள். அது பிறந்ததே ஒரு வேடிக்கையோடுதான். 1930-ஆம் ஆண்டு டிசம்பரில் உல்ப்காங் பௌலி என்ற விஞ்ஞானி, இப்படியொரு துகள் இருக்கலாம் என்று தம் நண்பர்களுக்கு ஒரு கடிதம் விடுத்தார். கூட்டத்திற்கு நேரில் வர இயலாமைக்கு அவர் கூறிய காரணம், ஜூரிச் நகரில் நடைபெறும் நடன விருந்தில் தாம் இருந்தாகவேண்டும் என்பது! நியூட்ரினோ என்ற பெயரும் இத்தாலிய விஞ்ஞானிகளிடையே விளையாட்டாக எழுந்ததே. சின்னஞ்சிறு நடுநிலையான் என்று அதற்குப் பொருள். பழந்தமிழில் நொதுமலர் என்றொரு சொல் உண்டு. நண்பரும் அல்லாத, பகைவரும் அல்லாத அயலாரை அது குறிக்கும். ஊருக்குள் புகுந்து எவரோடும் பேசாமல் மறுபுறம் வெளியேறிவிடும் அயலானைப் போன்றது இத்துகள். பூமி முழுவதையும் ஊடுருவிச் செல்லும். வழியில் எதனோடும் மோதுவது மிக மிக அரிது.

இதைக்குறித்து ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்த ஜான் அப்டைக் என்ற அமெரிக்க எழுத்தாளர், 1960-ஆம் ஆண்டில் ஒரு நகைச்சுவைக் கவிதை எழுதினார். உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்ற வேலி எதனையும் மதியாமல் இத்துகள் எல்லோரையும் துளைத்துச் செல்கிறது. இரவில் நேபாளத்தின் வழியே புகுந்து, காதலரைக் கட்டிலின் அடியிலிருந்தும் துளைக்கிறது என்று அவர் கேலி செய்தார். அதற்கு எடையும் இல்லை, எதனோடும் அது சற்றும் உறவாடுவதும் இல்லை என்பது அவர் கூற்று. அப்படியானால் அதை எவ்வாறு அறிவது என்ற கேள்வி அக்கேலியினுள் அடங்கியிருந்தது.

ரெய்ன்ஸ், கோவான் என்ற இருவர் 1956-லேயே அணு உலையின் அருகில் இத்துகளைக் கண்டறிந்திருந்தனர். ஆனால் இயற்கையில், விண்ணிலிருந்து வரும் கதிர்கள் வாயுமண்டலத்தைத் தாக்குவதால் தோன்றும் நியூட்ரினோவை அதுவரை எவரும் கண்டதில்லை. அதைக் காண வேண்டுமானால் மற்றத் துகள்களின் ஆரவாரம் எட்டாத இடம் வேண்டும். ஆயிரக்கணக்கான அடி பாறையின் கீழே தங்கவயல் அவ்விடத்தை அளித்தது.

பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் 1950-களின் தொடக்கம் முதற்கொண்டே அங்கே விண்கதிர் ஆராய்ச்சி நடத்தி வந்தனர். சுரங்கத்தின் மிக ஆழமான இடமொன்றில் கருவிகளை வைத்து ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருந்தபோது ஒரு துகள்கூடப் பதிவாகவில்லை. அந்த நிசப்தமே நற்செய்தி ஆயிற்று. இத்தகைய இடத்தில் பக்கவாட்டில் ஒரு துகள் வருமாயின், அது நியூட்ரினோ பாறையில் மோதியதன் விளைவாகவே இருக்கவேண்டும் அல்லவா? டாட்டா நிலையம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகிய மூவரும் கூடி, சாம்பியன் ரீப் சுரங்கத்தில் ஏறத்தாழ 7,600 அடி ஆழத்தில் கருவிகளை நிறுவினர். 1965-ஆம் ஆண்டில் துகள் அகப்பட்டது. அச்செய்தி அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் அச்சேறிற்று. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ரெய்ன்ஸ் குழுவினர் கண்ட முடிவும் அதே மாதத்தில் வெளிவந்தது.

எடை இல்லை என்ற கூற்றும் நிலைக்கவில்லை. இதே வாயுமண்டல நியூட்ரினோக்களை ஆராய்ந்து, அவற்றுக்குச் சிறிது எடை உண்டு என்று 1998-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சிக் கூடம் ஒன்று தெளிவுபடுத்தியது. அதுவும் கமியோகா என்ற பழைய சுரங்கத்தில் அமைந்ததே. இவ்வுண்மைக்காக 2015-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. ஆகக் கவிஞரின் சிரிப்புக்கு விடை இருமுறையும் பூமிக்கு அடியிலிருந்தே வந்தது.

இனி, கவிஞர் கேட்காத ஒரு கேள்வியை நாம் கேட்கவேண்டும். அந்த ஆழத்திற்கு வழி வெட்டியவர் யார்? நியூட்ரினோ உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்று பாராமல் ஊடுருவியது உண்மை. ஆனால் தங்கவயலில் மனிதர் வாழ்ந்த முறை வேறு. வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பங்களாவும் கிளப்பும் அமைந்தன. தமிழ்த் தொழிலாளிக்கு நெடுங்காலம் மூங்கில் தட்டியால் ஆன குடிசையே வாய்த்தது. 1902-இல் வந்த மின்சாரமும் முதலில் எந்திரங்களை நாடியே வந்தது. கூண்டில் இறங்கிய தொழிலாளி, ஆழம் மிகுந்த இடங்களில் 60 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்பட்ட சூடுடைய பாறையை வெட்டினான். பாறை திடீரென வெடித்து மாண்டவர் பலர். கல்தூசியால் நுரையீரல் கெட்டவர் பலர். விஞ்ஞானக் கட்டுரையின் முகப்பில் ஆராய்ச்சியாளர்களின் பெயர்கள் உள்ளன, அவை இருக்கவேண்டியவையே. வழி வெட்டியவரின் பெயர் அங்கே இல்லை. தங்கம் தேடிய உழைப்பின் மீதே அந்த அறிவும் நின்றது என்பதை நாமாவது மறவாதிருத்தல் வேண்டும்.

தங்கவயலின் இறுதிக் காலம் சரித்திரமே செய்த கேலி எனலாம். 1980-களில் அங்கே மற்றோர் ஆராய்ச்சி நடந்தது. அணுவின் உள்ளே உள்ள புரோட்டான் என்றேனும் அழியுமா என்று காண்பது அதன் நோக்கம். 140 டன் எடையுள்ள கருவியை ஆழத்தில் அமைத்துக் காத்திருந்தனர். அழிவைக் கண்டதுபோலச் சில அறிகுறிகள் அறிவிக்கப்பட்டன. வேற்று நாட்டுப் பெரிய கருவிகள் அவற்றை உறுதிசெய்யவில்லை. புரோட்டான் அழியக் காணோம், சுரங்கமே முந்திக்கொண்டது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அது மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் ஈந்த ஊரின் மக்கள், அதன் பின்னர் விடியுமுன் எழுந்து ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இருட்டிய பின் வீடு திரும்பும் நிலை வந்தது.

இன்று வெளிமாநிலங்களில் தங்கவயல் என்றால், 2018-இல் வெளிவந்த திரைப்படத்தையே பலர் நினைக்கின்றனர். நம் பிள்ளைகளும் அவ்வாறே நினைப்பாராயின் அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை. நாம் அவர்களுக்குச் சொல்லவில்லை. அடுத்தமுறை அவர்கள் ஒரு விஞ்ஞானச் செய்தியைப் படித்து நகைக்கும்போது, அந்நகைப்பைத் தடுக்காமல், அதனுள் உள்ள கேள்வி யாது என்று கேட்போம். பாறையைத் துளைத்துவந்த ஓர் அயல் துகளை உலகம் அறியுமாறு செய்த இடங்களுள் ஒன்று, நம்மவர் இறங்கி உழைத்த ஆழமே என்பதையும் அவர்களுக்கு எடுத்துரைப்போமாக.