புவித்தகவல் முறைமை: பாலாற்றுத் தோல் வட்டாரத்தில் அதன் வரலாறு

புவித்தகவல் முறைமை, பேச்சு வழக்கில் ஜி.ஐ.எஸ்., நிலத்தைப் பற்றிய தரவுகளை அந்தந்த இடத்தின் ஆயத்தொலைவுகளோடு கணினியில் சேமித்து, அடுக்கடுக்காகப் பொருத்தி ஆராயும் மென்பொருள் முறை. ஆறு ஓர் அடுக்கு, சாலை ஓர் அடுக்கு, கிணறு ஓர் அடுக்கு, வயல் எல்லை ஓர் அடுக்கு. எல்லாவற்றையும் ஒரே திரையில் வைத்து, ஆற்றங்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் எந்தெந்த டேனரிகள் (தோல் பதனிடும் ஆலைகள்) இருக்கின்றன, அவற்றின் கீழ்ப்பக்கம் யார் யார் கிணறுகள் இருக்கின்றன என்று கேட்டால், பட்டியலும் படமுமாக விடை வரும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றையும் அதன் துணையாறுகளையும் ஒட்டி நீளும் தோல் வட்டாரத்தில் இது உச்ச நீதிமன்றம் வரை போன கேள்வி.

கர்நாடகத்தில் தோன்றி, ஆந்திரத்தின் ஓரத்தைத் தொட்டு, தமிழ்நாட்டில் 222 கி.மீ. ஓடிக் கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலில் கலக்கும் பாலாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். நீர் மணலுக்கு அடியில்தான். ஆகவே கழிவும் கண்ணுக்குத் தெரியாமல் அடியிலேயே நகர்ந்தது. தெரியாததைப் படமாக வரைய வேண்டிய தேவை இங்கே எழுந்தது.

இவ்வட்டாரத்தை இரண்டு வகைப் படங்கள் காட்டி வந்தன. வருவாய்த் துறையின் படம் நிலம் யாருடையது என்று சொல்லும். அறிவியலாரின் படம் அந்த நிலத்துக்கும் நீருக்கும் என்ன நேர்ந்தது என்று சொல்லும். இரண்டும் ஒன்றையொன்று பாராமல் வளர்ந்தவை. அவற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தச் செய்த முயற்சிகள்தாம் இங்கே ஜி.ஐ.எஸ். வரலாறு. அந்த முயற்சி பாதிதான் நிறைவேறியிருக்கிறது.

சங்கிலியும் புலப்படமும்

மைக்கேல் டாப்பிங் 1794-ல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரி ஆயிற்று. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கி.மீ. நீள அடிக்கோட்டை அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். அது மலையுச்சிகளை இணைத்த பெரிய வலை. வயலுக்கு அது இறங்கவில்லை. வயலுக்கு வந்தது 1858 முதல் நடந்த சென்னை மாகாண வருவாய் அளவை. 66 அடி நீளமும் 100 கண்ணியும் கொண்ட கண்டர் சங்கிலியை இழுத்து, மூலைக்கு மூலை கல் நட்டு, ஊர் ஊராக வயல்களுக்கு எண் கொடுத்தார்கள்.

அந்த முறையின் பிள்ளைதான் இன்றும் சர்வேயர் கையில் இருக்கும் புலப்படம், எஃப்.எம்.பி. ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு தாள். மூலைக் கற்களை இணைத்து 'ஜி லைன்' எனப்படும் நேர்கோடுகள் போட்டு, வயலை முக்கோணங்களாகப் பிரிப்பார்கள். வரப்பு வளையும் இடங்களில் அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக விலகல் அளவு எடுத்துக் குறிப்பார்கள். கோட்டின்மேல் எத்தனை மீட்டர் போய், பக்கவாட்டில் எத்தனை மீட்டர் விலகினால் வரப்பு வரும் என்ற இரண்டு எண்களே போதும், வயலின் வடிவம் திரும்பக் கிடைத்துவிடும். தாள் கிழிந்தாலும் எண்கள் இருந்தால் வயலை மறுபடி வரையலாம். எளிமையும் உறுதியும் சேர்ந்த இப்படி ஒரு முறையைக் கணினிக் காலத்தில்கூட எளிதில் மிஞ்ச முடியவில்லை.

அதற்கு ஒரே குறை, தாளுக்கு உலகம் தெரியாது. பக்கத்துச் சர்வே எண் எது என்று தெரியும். பூமியின்மேல் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதில் இல்லை. இந்தக் குறை ஒரு நூற்றாண்டுக்கு மேல் யாருக்கும் தொந்தரவாக இருக்கவில்லை. வரி வசூலுக்கு அது தேவைப்படவும் இல்லை.

கணினிக்கு வந்த வரைபடம்

வெளிநாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1854-ல் லண்டனில் ஜான் ஸ்நோ காலரா இறப்புகளையும் குடிநீர்ப் பம்புகளையும் ஒரே படத்தில் குறித்ததை இத்துறையின் முன்னோடியாகச் சொல்வது மரபு. கணினியில் இதைச் செய்தவர் ராஜர் டாம்லின்சன். 1960-களில் கனடா அரசின் நிலவளக் கணக்கெடுப்புக்காக அவர் அமைத்ததே முதல் ஜி.ஐ.எஸ். 1969-ல் ஜாக், லாரா டேஞ்சர்மாண்ட் தம்பதி அமெரிக்காவில் தொடங்கிய எஸ்ரி நிறுவனத்தின் ஆர்க்இன்ஃபோ 1982-ல் வந்தது. கேரி ஷெர்மன் 2002-ல் தொடங்கிய கியூஜிஐஎஸ் இலவச மென்பொருள். எஸ்ரியின் ஆர்க்ஜிஐஎஸ் மென்பொருளை விலை கொடுத்து வாங்க முடியாத மாணவர்கள் ஆய்வேட்டை முடிப்பது இன்று பெரும்பாலும் இதில்தான்.

இந்தியாவில் கதவைத் திறந்தவை செயற்கைக்கோள்கள். 1988 மார்ச் 17-ல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ-வின் ஒரு கருவி 72.5 மீட்டர் சதுரத்தை ஒரு புள்ளியாகக் காட்டியது. ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கர். மற்றொன்று 36.25 மீட்டர், சுமார் 32 சென்ட். 1995 டிசம்பரில் போன ஐ.ஆர்.எஸ்.-1சி-யின் 23.5 மீட்டர் கருவியில் ஒரு புள்ளி 14 சென்ட் அளவுக்கு வந்தது. ஐரோப்பாவின் சென்டினல்-2 இன்று இலவசமாகத் தரும் 10 மீட்டர் படத்தில் ஒரு புள்ளி இரண்டரை சென்ட். பாலாற்றங்கரை நிலங்கள் பல ஓர் ஏக்கருக்கும் குறைந்த துண்டுகள். முதல் படங்களில் ஒரு குடும்பத்தின் முழு நிலமும் ஒரே புள்ளிக்குள் அடங்கிப் போனது. வட்டாரம் கெட்டிருக்கிறது என்று சொல்ல முடிந்ததே தவிர, யார் வயல் என்று சொல்ல முடியவில்லை.

வழக்கும் வரைபடமும்

தோல் வட்டாரத்தின் வரலாற்றில் இந்தப் பகுதிதான் கனமானது. ஆவாரம் பட்டையில் பதனிடுவது 1970-களுக்குப் பின் குறைந்து குரோமியம் பெருகியது. உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் நிலத்தில் விடப்பட்டது. 1989 மார்ச் 30 தேதியிட்ட அரசாணை எண் 213, பாலாறு உள்ளிட்ட நீர்நிலைகளின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பெரும் மாசு விளைவிக்கும் தொழிற்சாலைகள் வரக்கூடாது என்றது. ஜி.ஐ.எஸ். அறிந்தவர்கள் 'பஃபர்' என்று சொல்லும் சுற்றெல்லை இதுவேதான். ஆற்றுக்கோட்டை எடுத்து இருபுறமும் 1,000 மீட்டர் விரித்தால் முடிந்தது.

திரையில்தான் அப்படி முடியும். 1:50,000 நில அளவைத் தாளில் ஒரு கிலோமீட்டர் என்பது 2 செ.மீ.; அரை மில்லிமீட்டர் தடிமனான கோடு 25 மீட்டர் நிலத்தை விழுங்கிவிடும். பழைய தாள்கள் எவரெஸ்ட் கோளவுருவை அடிப்படையாகக் கொண்டவை, கைபேசி காட்டும் இடம் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறு அடிப்படை. மாற்றிக் கணக்கிடாமல் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால், டேனரி சில நூறு மீட்டர் வரை நகர்ந்து போகும். எல்லைக்கு உள்ளே இருந்தது வெளியே போகலாம், வெளியே இருந்தது உள்ளே வரலாம். தாள்களின் பிரிவும் சிக்கலானது: 79 பாகைத் தீர்க்கரேகைக்கு மேற்கே உள்ள ஆம்பூர் 57 எல் தொகுதியிலும், கிழக்கே உள்ள வேலூர் 57 பி (P) தொகுதியிலும் வரும். யூடிஎம் கட்டமைப்பில் இரண்டும் 44 வடக்கு மண்டலம்தான். ஆனால் 43-ஆம் மண்டலம் முடியும் 78 பாகைக் கோடு ஆற்றின் தலைப்பகுதிக்கு அருகிலேயே போகிறது. படுகை முழுவதையும் வரைய வருபவர் முதலில் இந்தக் கோட்டைக் கவனிக்க வேண்டும். ஆற்றின் கரை எங்கே என்பது அதைவிடப் பெரிய கேள்வி. மணல் அள்ளி, கருவேலம் படர்ந்து, அகலம் மாறிய ஆற்றுக்கு எந்த ஆண்டின் கரையை எடுப்பது?

1991-ல் வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. 'மாசு செய்பவரே ஈடு கொடுக்க வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று இத்தீர்ப்பு அறிவித்தது. வேலூரில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் ஆய்வைத் தீர்ப்பு மேற்கோள் காட்டியது: ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று. பின்னர் ஓய்வுபெற்ற நீதிபதி பி. பாஸ்கரன் தலைமையில் அமைந்த சூழல் இழப்பீட்டு ஆணையம், வேலூர் மாவட்டத்தில் 15,164 ஹெக்டேருக்கு 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது.

முதல் எண் வட்டாரத்தின் பாதிப்பைச் சொல்கிறது. இரண்டாவது, உரிமையாளர் பெயரோடு இழப்பீடு பெறத் தகுதியான நிலத்தைச் சொல்கிறது. இரண்டும் வேறுவேறு கேள்விக்கான விடைகள் என்பதை மறந்து, எது சரி என்று வாதிடுவது பயனற்றது. பட்டாவில் ஓர் எண்ணும் புலப்படத்தில் ஓர் உருவமும் மட்டுமே கொண்ட வயலை, ஆயத்தொலைவோடு எடுத்த மண் மாதிரியுடன் சேர்க்க அன்று வழி குறைவு என்பதே நினைவில் வைக்க வேண்டியது. 2025 ஜனவரி 30-ல் வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, இழப்பீடு வழங்கவும் கண்காணிக்கவும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள்.

கிணறுகளுக்கு நடுவே

ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம் விட்டுப்போன 1.5 லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவுக் குவியல் உலகறிந்தது. அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் 2006-ல் வெளியிட்ட உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இவ்வூர் இடம்பெற்றது. ஐதராபாத் தேசியப் புவிஇயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் இப்பகுதியின் நீரில் கன உலோகங்களை அளந்து வெளியிட்டனர். அதன்பின் எத்தனையோ பல்கலைக்கழகங்களில் ஒரே மாதிரியான ஆய்வுகள் எழுந்தன: கிணறுகளில் நீர் எடு, ஆயத்தொலைவு குறி, மொத்தக் கரைந்த திடப்பொருளும் குரோமியமும் அளந்து கொள், மென்பொருளில் இட்டு வண்ணப் படம் வரை.

அந்த வண்ணங்களை நம்பும் முன் அவை எப்படி வருகின்றன என்று பார்க்க வேண்டும். அளந்தது கிணறுகளில் மட்டுமே. கிணறுகளுக்கு நடுவில் உள்ள இடத்தை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. தூரத்துக்கேற்ப எடை குறைத்து ஊகிப்பது ஒரு வழி. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிகே தொடங்கி, பிரான்சின் ஜார்ஜஸ் மாத்தரான் கோட்பாடாக்கிய 'கிரிகிங்' இன்னொன்று. இரண்டும் பொதுவாக அருகருகே உள்ளவை ஒத்திருக்கும் என்று எடுத்துக்கொள்கின்றன. ஆற்றை ஒட்டிய மணல் படுகையில் அது ஓரளவு சரி. கொஞ்சம் விலகினால் சார்னக்கைட், நைஸ் என்னும் கடினப் பாறைகள். கடினப் பாறையில் நீர் வெடிப்புகளின் வழியே மட்டும் போகும். ஒரு கிணறு உப்பாக இருக்க, ஐம்பது மீட்டரில் இன்னொன்று நன்னீராக இருப்பதற்கு உழவர் எவரும் வியப்பதில்லை. திரையில் அவ்விடம் மெல்ல மெல்லப் பச்சையிலிருந்து சிவப்பாகும். படத்தின் அழகு இங்கே அறியாமையை மறைக்கிறது.

அதனால் அளவுக்கு மிஞ்சிய கிணறு எது என்பதை நிறத்தில் காட்டுவதை விட, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் வரம்புகளோடு ஒப்பிட்டுப் புள்ளியாகவே காட்டுவது நேர்மை. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லையென்றால் 2,000 வரை, குரோமியம் 0.05 மில்லிகிராம். எத்தனை கிணறு, எந்த மாதம், எவ்வளவு ஆழம் என்ற மூன்றையும் படத்தின் ஓரத்தில் எழுதாத ஆய்வுகளை இழப்பீட்டுக்கோ நடவடிக்கைக்கோ ஆதாரமாக்குவது கடினம்.

இவ்வட்டாரத்தில் ஜி.ஐ.எஸ். நன்கு பயன்பட்ட இடம் தோல் தொழிலுக்கு வெளியே இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு கிராமத்து வயிற்றுப்போக்குத் தொற்றை ஜி.ஐ.எஸ். கொண்டு ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார்கள். லண்டனில் ஸ்நோ செய்த வேலையின் நேர் வாரிசு அது. நோய் எங்கே, நீர் எங்கே என்ற கேள்வி ஒரு கிராமத்துக்குள் அடங்கியதால் விடையும் கைக்கு எட்டியது.

இன்றைய நிலை

தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய கொலாப்லேண்ட் மென்பொருள், புலப்படத்தின் ஜி லைன் அளவுகளையும் விலகல்களையும் உள்வாங்கி வயலின் வடிவத்தைத் திரையில் எழுப்புகிறது. பழைய சர்வேயர் குறித்த எண்கள் வீணாகவில்லை. அந்தந்தத் தாளை உலக ஆயத்தொலைவோடு கட்டுவதுதான் மிச்சமிருக்கும் பெரிய வேலை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடத் தரவுகளின் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. தமிழ்நாட்டில் மாநில மின்னாளுமை முகமையின் கீழ் டி.என்.ஜி.ஐ.எஸ். என்ற அமைப்பு துறைகளின் தரவுகளை ஒரே இடத்தில் சேர்க்கிறது.

தரவுக்கு இன்னொரு வினையும் நேர்ந்தது. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாயிற்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் போயின. முன்பு 'வேலூர் மாவட்டம்' என்று எழுதிய எண்களை இன்றைய வேலூர் எண்களோடு ஒப்பிட்டால் தவறு வரும். இழப்பீட்டு ஆணையத்தின் கணக்கு பழைய மாவட்டத்துக்கானது என்பதை இங்கே சொல்வது அவசியம்.

பட்டாவும் புலப்படமும் தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் இலவசம். கியூஜிஐஎஸ் இலவசம். ஆயத்தொலைவு காட்டக் கைபேசி போதும். ஆற்றோரத்தில் கிணறு வைத்திருப்போர், நீர்ப் பரிசோதனை அறிக்கை வாங்கும்போது அதில் சர்வே எண்ணும் உட்பிரிவும், நீர் எடுத்த தேதியும், கிணற்றின் அட்ச, தீர்க்கரேகையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.