எட்ட நிற்கும் குதங்கள்: திருகோணமலைத் துறைமுக வட்டாரத்தில் கணினிப் பாதுகாப்பும் பிரித்துவைத்தலும்

திருகோணமலையிலிருந்து கண்டி வீதியால் கந்தளாய்ப் பக்கம் போகிறவர்கள் கப்பல்துறையைத் தாண்டியே போவார்கள். அந்த வட்டாரத்தில், சீனக்குடாக் காட்டுக்குள், பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. இன்று எஞ்சியிருப்பவை 99. மேற்தொகுதியில் 84, துறைமுகத்தை ஒட்டிய கீழ்த்தொகுதியில் 15. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். சுமார் 850 ஏக்கர் நிலத்தில் இவை ஒன்றுக்கொன்று எட்டவே நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு குதம் தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தது. மற்றவை தப்பின. விமானங்கள் உள்ளே வந்துவிட்டன. அதைத் தடுக்க முடியவில்லை. தீ பரவாமல் நின்றதில் குதங்களுக்கு இடையே விட்டுவைத்த வெறுந்தரைக்குப் பெரும் பங்கு உண்டு.

கணினிப் பாதுகாப்பைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் வாசலைப் பற்றியதாகவே இருக்கிறது: கடவுச்சொல், வைரஸ் தடுப்பு, சந்தேகமான மின்னஞ்சலைத் திறக்காதே என்ற அறிவுறுத்தல். இவை தேவையானவை. ஆனால் கடந்த பத்தாண்டில் துறைமுகங்களிலும் எரிபொருள் நிறுவனங்களிலும் அரச அலுவலகங்களிலும் நேர்ந்த பெரிய இழப்புகளைப் பார்க்கும்போது, வாசல் உடைந்ததைவிட, உள்ளே வெறுந்தரை விடப்படாததே அழிவின் அளவைத் தீர்மானித்திருக்கிறது என்று கருதுகிறேன். மூலத்துக்கும் பிரதிக்கும் இடையே, அலுவலகக் கணினிக்கும் இயந்திரத்துக்கும் இடையே, ஒரு நிறுவனத்துக்கும் அதன் பங்காளிக்கும் இடையே இருக்கவேண்டிய தூரத்தையே இங்கு வெறுந்தரை என்கிறேன். குதங்களைப் புனரமைக்கும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகிவரும் இந்தக் காலத்தில் அந்தத் தூரத்தை வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும் என்பது என் வாதம்.

நம் நாட்டின் மிகத் தெளிவான சான்று 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி நடந்தது. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் நடத்திவந்த அரச மேகக் கணினிச் சேவைக்குள் ரான்சம்வேர் புகுந்தது. தரவைப் பூட்டிவிட்டுத் திறப்புக்குப் பணம் கேட்கும் மென்பொருள் அது. ஜீஓவி டொட் எல்கே முகவரியில் இயங்கிய ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். சேவையை விரைவிலேயே மீட்டுவிட்டார்கள். ஆனால் மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. நூறு நாட்களுக்கு மேற்பட்ட அரசாங்கத்தின் எழுத்து அப்படியே போயிற்று. காரணம், அந்தக் காலத்துக்குரிய பிரதி வலையமைப்பிலிருந்து கழற்றி வைக்கப்பட்டிருக்கவில்லை. இணைப்பில் இருந்த பிரதியும் மூலத்தோடு சேர்ந்து பூட்டப்பட்டது.

கந்தளாயிலும் மூதூரிலும் வயல் செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விதைநெல்லைச் சாப்பாட்டு நெல்லோடு ஒரே மூட்டையில் யாரும் கட்டுவதில்லை. வேறு மூட்டை, வேறு இடம், வேறு கை. எலியோ ஈரமோ ஒன்றில் பட்டால் மற்றது தப்ப வேண்டும். அரசாங்கத்தின் மின்னஞ்சலுக்கு அப்படியொரு விதைநெல் மூட்டை இருக்கவில்லை.

இந்த நிகழ்வுக்குச் சொல்லப்பட்ட விளக்கம் பணப் பற்றாக்குறை. அந்தச் சேவை மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பதிப்பில் ஓடியது. அதற்கான ஆதரவை அதே ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதியோடு மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. புதிய பதிப்புக்கு மாறும் எண்ணம் இருந்தும் நிதி இல்லாமல் தள்ளிப்போனதாக நிறுவனம் கூறியது. முந்திய ஆண்டில்தான் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றது. எனவே இந்த விளக்கத்தைப் பொய் என்று தள்ள முடியாது. ஆயினும் இரண்டு செலவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மென்பொருளை மாற்றுவது பெரிய செலவு. பிரதியெடுத்த சேமிப்பகத்தைக் கழற்றி வைப்பது அதன் பக்கத்தில் வைக்கக்கூட முடியாத சிறு செலவு. முன்னது தவறியதால் கதவு திறந்தது. பின்னது தவறியதாலேயே நூறு நாள் எழுத்து அழிந்தது. தாக்குதலுக்குப் பின் நாளாந்தம் இணைப்பில்லாத பிரதி எடுக்கத் தீர்மானித்ததும் அச்செலவு சிறியது என்பதற்குச் சான்று. நிதி நெருக்கடி தீர்ந்துவிட்ட நாளில் எடுத்த தீர்மானம் அல்ல அது.

பணமுள்ள நிறுவனங்களும் இதில் தவறியிருக்கின்றன. 2017 ஜூன் 27ஆம் திகதி, யுக்ரேனில் ஒரு கணக்கியல் மென்பொருளின் புதுப்பிப்பு வழியாகப் பரவிய நொட்பெட்யா என்ற அழிவு நிரல், டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. உலகமெங்கும் அதன் கொள்கலன் முனையங்கள் நின்றன. மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் உள்ள முனையமும் அவற்றுள் ஒன்று. பத்து நாட்களில் 45,000 கணினிகளையும் 4,000 சேவையகங்களையும் மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று. இழப்பை 25 முதல் 30 கோடி டொலர் வரை நிறுவனமே கணித்தது. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்ற பதிவேட்டை மேர்ஸ்க் ஏறத்தாழ 150 சேவையகங்களில் வைத்திருந்தது. அவை ஒன்றையொன்று பார்த்துத் தம்மைச் சரிசெய்துகொள்ளும். அந்த ஏற்பாடே அவை எல்லாவற்றையும் ஒன்றாக அழித்தது. கானாவில் இருந்த ஒன்று மாத்திரம் தப்பியது. தாக்குதல் நேரத்தில் அங்கு மின்சாரம் தடைப்பட்டு அது இணைப்பை விட்டு விலகியிருந்தது. அந்தத் தரவை ஆள் கையிலேயே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் நிறுவனத்தை எழுப்பினார்கள். 150 பிரதிகள் இருந்தும் உதவியது எட்ட நின்ற ஒன்றுதான். அந்தத் தூரமும் எவரும் திட்டமிட்டதல்ல, மின்வெட்டின் தயவு. 2022இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் இருளில் இருந்த நம்மவர்கள், மின்வெட்டு ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றிய இந்தச் செய்தியை எளிதில் மறக்கமாட்டார்கள். நம் பிரதிகளை அத்தகைய தற்செயலுக்கு விட்டுவிட முடியாது.

எண்ணெய்க்கு வருவோம். 2021 மே 7ஆம் திகதி அமெரிக்காவின் கொலனியல் குழாய்வழி நிறுவனம், கிழக்குக் கரையின் எரிபொருளில் ஏறத்தாழ 45 வீதத்தைக் கொண்டுசெல்லும் குழாயை நிறுத்தியது. பயன்பாட்டில் இல்லாத ஒரு தொலை இணைப்புக் கணக்கின் கடவுச்சொல் வெளியே கசிந்திருந்தது. அதற்கு இரண்டாவது சரிபார்ப்பும் இருக்கவில்லை. குற்றவாளிகள் பூட்டியது அலுவலகக் கணினிகளை. குழாயை நிறுத்தியது நிறுவனமே. தொற்று அலுவலகத்திலிருந்து குழாயின் கட்டுப்பாட்டுக்குள் போய்விடாது என்ற உறுதி அவர்களுக்கு இருக்கவில்லை. நடுவில் வெறுந்தரை உண்டா, எவ்வளவு உண்டு என்று தெரியாத நிலையே ஒரு கரையோரத்தின் பெற்றோல் வரிசைக்குப் போதுமானதாயிற்று.

குதங்களுக்கு இன்னும் நெருக்கமான செய்தியும் உண்டு. நிலத்தடித் தாங்கிகளில் எண்ணெய் மட்டத்தைத் தானாக அளந்து சொல்லும் மானிகள் பல நாடுகளில் எரிபொருள் நிலையங்களில் இருக்கின்றன. அவற்றுள் ஏறத்தாழ 5,800 மானிகள் கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடப்பதை 2015 ஜனவரியில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெரும்பாலானவை அமெரிக்காவில் இருந்தவை. மானியின் எண்ணை மாற்ற முடிந்தவர் நிறைந்த தாங்கியை வெறுமையாகவும் வெறுமையானதை நிறைந்ததாகவும் காட்டலாம். கசிவு எச்சரிக்கையை அடக்கலாம். 12,000 கிலோலீற்றர் குதத்தில் அப்படிச் செய்தால் நட்டம் கணக்குப் புத்தகத்தோடு நிற்காது, நிலத்துக்கும் குடாநீருக்கும் இறங்கும்.

பிரித்துவைத்தல் வெறும் நம்பிக்கை என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் காட்டும் சான்று வலுவானது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், இணையத்தோடு இணைக்கப்படாத ஈரானிய அணு நிலையத்துக்குள் யூ.எஸ்.பி. வழியாகப் போயிற்று. தூரத்தைக் கடக்க ஒருவருடைய சட்டைப்பை போதும் என்று அது காட்டியது. ஆனால் கூடங்குளம் அணுமின் நிலையத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019 ஒக்ரோபர் 30ஆம் திகதி, தன் கணினியொன்றில் தீநிரல் கண்டுபிடிக்கப்பட்டதை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அது நிர்வாக வலையமைப்பைச் சேர்ந்த கணினி. உலையை இயக்கும் அமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிக்கப்படவில்லை என்பது கழகத்தின் கூற்று. முதல் நாள் முற்றாக மறுத்துவிட்டு மறுநாள் ஒப்புக்கொண்டதை நான் நியாயப்படுத்தமாட்டேன். எனினும் இரண்டையும் சேர்த்துப் படித்தால், பிரிப்பு என்பது வயல் வரம்பைப் போன்றது என்று புரிகிறது. கட்டிவிட்டு மறந்த வரம்பில் நண்டு துளை போடும். யார் யூ.எஸ்.பி. கொண்டுபோகிறார், எந்த ஒப்பந்தகாரர் எந்த நேரத்தில் தொலைவிலிருந்து உள்ளே வருகிறார், வேலை முடிந்தபின் அந்த வழி மூடப்பட்டதா என்று ஒவ்வொரு போகமும் பார்க்க வேண்டும். துளை விழும் என்பதற்காக வரம்பே வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொல்வதில்லை.

சிறியவர்களைத் தேடி யார் வருவார்கள் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. 2016இல் மிராய் என்ற நிரல் இதைப் பொய்யாக்கியது. தொழிற்சாலை போட்டுவைத்த அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர்-கடவுச்சொல் இணைகளை மட்டும் வைத்துக்கொண்டு அது உலகெங்கும் கமராக்களையும் ரவுட்டர்களையும் தட்டிப் பார்த்தது. திறந்தவற்றைச் சேர்த்துக்கொண்டு 2016 ஒக்ரோபர் 21ஆம் திகதி அமெரிக்காவின் பெரிய இணையத்தளங்களையே முடக்கியது. அதற்கு ஆள் முகவரி தேவையில்லை. கப்பல்துறைச் சந்தியில் ஒரு கடையின் கமராவும் பெரிய நிறுவனத்தின் கமராவும் அதற்கு ஒன்றே. அந்தக் கடைக்காரருக்குச் சொல்லவேண்டியவை சில: பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள், கமராவைக் கணக்கு வைக்கும் கணினியோடு ஒரே வை-ஃபையில் விடாதீர்கள். இதைத் தமிழில், கமரா பூட்டும் பையனே வாய்விட்டுச் சொல்லும்படி செய்தால் பல சுற்றறிக்கைகளைவிடப் பயன் தரும்.

குதங்களின் உரிமை 2022 ஜனவரியில் மூன்றாகப் பிரிந்தது. இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, இரண்டும் சேர்ந்த திருகோணமலைப் பெற்றோலிய முனைய நிறுவனத்துக்கு 61. இக்கூட்டு நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். நிலத்தின் எல்லை ஒப்பந்தத்தில் இருக்கிறது. வலையமைப்பின் எல்லை எங்கே இருக்கப் போகிறது? கூட்டு நிறுவனத்தின் கணினி இரு தாய் நிறுவனங்களோடும் பேசுமானால், ஒன்றில் விழுந்த தீ மற்றதற்குப் போகும் பாலம் அதுவே ஆகும். 2013இல் அமெரிக்காவின் டார்கெட் அங்காடிக்குள் திருடர்கள் புகுந்தது, குளிரூட்டி வேலை செய்த ஒப்பந்த நிறுவனத்தின் கணக்கு வழியாக.

சட்டம் இந்த இடத்தில் அதிகம் உதவாது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆட்களைப் பற்றிய தரவைக் காக்கச் சொல்கிறது; ஒரு குதத்தின் எண்ணெய் மட்டம் எவருடைய தனிப்பட்ட தரவும் அல்ல. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2017இல் எடுத்த தீர்மானம், 2021 ஜனவரிக்குப் பின் கப்பல் நிறுவனங்களின் பாதுகாப்பு முகாமைக்குள் கணினி ஆபத்தையும் சேர்க்கச் சொன்னது. அது கப்பலைப் பற்றியது, கரையில் இருக்கும் குதத்தைப் பற்றியது அல்ல. ஆகவே பிரிப்பைக் கட்டாயமாக்க எஞ்சியிருக்கும் இடம் ஒப்பந்தங்களும் கேள்விமனு நிபந்தனைகளும்தான்.

அதற்கான காலமும் இதுவே. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. குடாவுக்கு அப்பால் சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்தின் வேலையும் அதே நாளில் தொடக்கிவைக்கப்பட்டது. இவை மானிகளோடும் உணரிகளோடும் தொலைக் கட்டுப்பாட்டோடும் வரும். குழாய் வரைபடத்தின் பக்கத்திலேயே வலையமைப்பின் வரைபடமும் ஒப்புதலுக்கு வைக்கப்பட வேண்டும். மானியிலிருந்து அலுவலகத்துக்கு எண் போகலாம்; அலுவலகத்திலிருந்து மானிக்குக் கட்டளை போகக்கூடாது. கழற்றி வைத்த பிரதியிலிருந்து முழு அமைப்பையும் எழுப்பிப் பார்க்கும் ஒத்திகைக்கு ஆண்டில் ஒரு நாள் ஒதுக்கப்பட வேண்டும்.

எண்ணெய் வேலையாட்களின் பழைய வழக்கம் ஒன்றையும் இந்த நிபந்தனைகளோடு சேர்த்து எழுதச் சொல்வேன். குதத்தின் மேலேறி, அளவுநாடாவை உள்ளே இறக்கி, நனைந்த இடத்தைப் பார்த்து மட்டத்தைப் புத்தகத்தில் குறிக்கும் வழக்கம் அது. எந்த வலையமைப்பும் அந்த எண்ணைத் தொட முடியாது. தானியங்கி மானிகள் வந்தபின் அந்தப் புத்தகத்தை மூடிவிடாமல், இரண்டு எண்களையும் நாள்தோறும் அருகருகே எழுத வேண்டும். அவை முரண்படும் நாளில் வால்வை மூடும் அதிகாரம் எந்த உத்தியோகத்தருக்கு உண்டு என்பது அந்தப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் மும்மொழியிலும் இருக்க வேண்டும்.