பட்டினிக்கு இன்னொரு பெயர்

உணவைக் குறைப்பதற்குத் தமிழில் பல சொற்கள் உண்டு. மருந்துக்காகக் குறைத்தால் பத்தியம். சாமிக்காகக் குறைத்தால் விரதம். இல்லாமையால் குறைந்தால் பட்டினி. பத்தியமும் விரதமும் முடியும் நாள் முன்பே தெரியும். ‘டயட்’டுக்கு அப்படியொரு நாள் கிடையாது. அதன் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது, இது இவற்றில் எதன் வாரிசு என்ற கேள்விதான் எனக்குள் எழுந்தது.

கலோரி என்பது வெப்பத்தை அளக்கப் பிறந்த அலகு. அதைப் பெண்களின் சாப்பாட்டுத் தட்டுவரை கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவர் லுலு ஹண்ட் பீட்டர்ஸ். 1918இல் வெளியான அவருடைய ‘டயட் அண்ட் ஹெல்த்’ 1920களில் அமெரிக்காவில் பெரும் விற்பனை கண்டது. ஒரு துண்டு ரொட்டி என்று எண்ணாமல் 100 கலோரி ரொட்டி என்று எண்ணச் சொன்னார். எடை குறைக்க நாளுக்கு 1,200 கலோரி என்றார். அது முதல் உலகப் போர்க் காலம். உணவைப் பதுக்குவது குற்றமென்றால், உடலில் கொழுப்பைச் சேர்ப்பதும் பதுக்கலே என்பது அவருடைய வாதம்.

அவரை வில்லியாக்க எனக்கு மனமில்லை. பெண் மருத்துவர்கள் அரிதாக இருந்த காலத்தில் அறிவியலைப் பெண்களுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவர். தானும் சுமார் 32 கிலோ குறைத்தவர். ஆனால், அவர் திறந்துவைத்த கணக்கு நோட்டு மூடப்படவே இல்லை. 1929 வாக்கில் பரவிய ‘ஹாலிவுட் 18 நாள் டயட்’ ஒரு நாளின் உணவை 600 கலோரிக்கும் கீழே இறக்கியது.

இந்த எண்களுக்குப் பக்கத்தில் வேறொன்றை வைத்துப் பார்க்கிறேன். 1944 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரில் பசியால் வாடியவர்களை எப்படி மீட்பது என்று அறிவதே நோக்கம். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் முன்வந்தார்கள். 24 வாரங்கள் அவர்களுக்குக் கிடைத்தது நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. உடல் எடையில் கால்பங்கு கரைந்தது. எப்போதும் குளிர்ந்தது, எரிச்சலும் சோர்வும் மிகுந்தன. சமையல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் கோடரியால் தன் விரல்களையே வெட்டிக்கொண்டார். 1950இல் வந்த ஆய்வு நூலின் தலைப்பு, ‘மனிதப் பட்டினியின் உயிரியல்’.

அந்த ஆண்கள் முன்பே ஒல்லியானவர்கள். வாரந்தோறும் 22 மைல் நடந்தவர்கள். ஆகவே எண்ணுக்கு எண் ஒப்பிட முடியாது. ஆனால், பெயருக்குப் பெயர் ஒப்பிடலாம். அவர்களுடைய எரிச்சலும் உணவு நினைப்பும் பட்டினியின் அறிகுறிகளாகப் பதிவாயின. அதே எரிச்சலும் நினைப்பும் டயட்டில் இருக்கும் பெண்ணிடம் தென்பட்டால், மன உறுதி போதவில்லை என்கிறோம்.

இந்தப் பெயர் மாற்றத்துக்கு உயிர்களும் விலையாயின. 1976இல் ராபர்ட் லின் எழுதிய ‘தி லாஸ்ட் சான்ஸ் டயட்’ வெளிவந்தது. நாளுக்கு 400 கலோரிக்கும் குறைவான திரவப் புரதம்தான் முழு உணவு. விலங்குகளின் தோல், தசைநார் போன்ற கழிவுகளிலிருந்து எடுத்த, தரம் குறைந்த புரதம் அது. அடுத்த ஈராண்டுகளில், இத்தகைய திரவங்களைக் குடித்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாகத் தகவல்கள் குவிந்தன. விரிவாக ஆராயப்பட்ட மரணங்களில் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றது தெரியவந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

1988 நவம்பரில் ஓப்ரா வின்ஃப்ரே, திரவ உணவால் தான் இழந்த எடைக்கு ஈடாக 67 பவுண்டு கொழுப்பை வண்டியில் வைத்துத் தொலைக்காட்சியில் இழுத்து வந்தார். எடை திரும்பியபோது கேலி அவருக்குத்தான், திட்டத்துக்கு அல்ல. பசித்த உடல் இழந்ததை மீட்கப் போராடும் என்பதை மின்னசோட்டா இளைஞர்களிடம் அறிவியல் பல்லாண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தது.

800 கலோரிக்கு உட்பட்ட உணவுமுறைக்கு மருத்துவத்தில் இன்றும் இடமுண்டு. நீரிழிவு போன்ற சில நிலைகளில், மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்களுக்குத் தரப்படுகிறது. அதை நான் பத்தியம் என்பேன்: காரணம் உண்டு, காவல் உண்டு, முடிவு உண்டு. இம்மூன்றும் இல்லாமல் ஒரு பெண்ணின் கையில் ஓர் எண்ணைக் கொடுத்தால், அதற்குத் தமிழில் பழைய சொல்லே இருக்கிறது.